மீயொலி ஆற்றல்மாற்றியின் கணித மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீயொலி ஆற்றல்மாற்றியின் இதயமான, தடிமன் திசையில் அதிரும் பீசோமின் வட்டுக்கு (மின்புலம் கொடுத்தால் வடிவம் மாறும், அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பீங்கான் வட்டு) கணித மாதிரி அமைப்பவர்கள் சமன்பாடுகளில் தவறுவது குறைவு. அட்டவணையிலிருந்து மாறிலிகளை எடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். ஒரே பீங்கானுக்கு, ஒரே திசையில், இரண்டு மீட்சிக் குணகங்களும் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) இரண்டு விடுதிறன்களும் (மின்னூட்டத்தைத் தேக்கும் இயல்பைக் காட்டும் அளவு) தரப்பட்டிருக்கும். எந்த நிபந்தனைக்கு உரியது என்று பாராமல் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன்பின் செய்யும் கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனில்லை.

பரவலாகப் பயன்படும் பீசோமின் பீங்கானான பி.இசட்.டி-5எச்-இல், மின்புலம் மாறாதபோது தடிமன் திசைக் குணகம் சுமார் 117 கிகாபாஸ்கல். மின் இடப்பெயர்ச்சி மாறாதபோது சுமார் 157. வட்டின் இரு முகங்களிலும் மின்முனை பூசி, அலை செல்லும் திசையிலேயே மின்புலம் கொடுக்கும்போது, தடிமன் நெடுக ஒரே அளவில் இருப்பது மின் இடப்பெயர்ச்சிதான் என்பதால் இரண்டாவது மதிப்பே பொருந்தும். அடர்த்தி கன மீட்டருக்கு 7500 கிலோகிராம் எனக் கொண்டால், 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டின் எதிர் ஒத்ததிர்வு (மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு வட்டு காட்டும் தடை, உச்சமாகும் அதிர்வெண்) சுமார் 2.29 மெகாஹெர்ட்ஸில் அமையும். முதல் மதிப்பை இட்டால் 1.97 வரும், அது சுமார் 2.02 மெகாஹெர்ட்ஸில் உள்ள ஒத்ததிர்வுக்கு (மின்மறுப்பு மிகக் குறையும் அதிர்வெண்) அருகில் விழுவதால், சரியான விடை கிடைத்துவிட்டதாக எண்ணி அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மின்தேக்குத்திறனிலும் இதே குழப்பம் நேர்கிறது. மின்தேக்குத்திறன் போன்றவற்றை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் அளப்பது, தடையின்றி விரிந்து சுருங்கும் வட்டின் மதிப்பு. அப்போது ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 3400. வட்டை ஒரு மின்சுற்றாகக் காட்டும் மேசன் மாதிரியின் மின்தேக்கிக்கு வேண்டியதோ திரிபு தடுக்கப்பட்ட நிலைக்குரிய மதிப்பு, ஏறத்தாழ 1470. இரு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு, வட்டை மின்மூலத்தோடு இசைவிக்கும் மின் பொருத்தச் சுற்றை முற்றிலும் பிழையாக்கிவிடும். அம்மாதிரியில் வரும் எதிர்க்குறி மின்தேக்கியை இயற்கைக்கு முரணானது என்று நீக்குவதும் தவறே. அலையே வட்டுக்குள் உண்டாக்கும் மின்புலத்தின் விளைவு அதில் அடங்கியுள்ளது. அதைத் தவிர்க்க விரும்புவோர் 1970இல் வெளிவந்த கே.எல்.எம். மாதிரி என்னும் மாற்று மின்சுற்று மாதிரியைப் பயன்படுத்தலாம்.

வட்டில் வீணாகும் ஆற்றலை, அதாவது இழப்புகளை, கலப்பெண் மாறிலிகளாக மாதிரியில் சேர்க்கும்போது குறிகளில் கவனம் வேண்டும். மீட்சிக் குணகத்தின் கற்பனைப் பகுதியும் விடுதிறனின் கற்பனைப் பகுதியும் எதிரெதிர்க் குறிகளைப் பெறுகின்றன. இரண்டுக்கும் ஒரே குறியை இட்டால், தானாக ஆற்றலை உண்டாக்கும் வட்டு கிடைக்கும். எந்த அதிர்வெண்ணிலாவது மின்மறுப்பின் மெய்ப்பகுதி சுழிக்குக் கீழே சென்றால் முதலில் இக்குறிகளையே சரிபார்க்க வேண்டும்.

விட்டம் தடிமனைப் போல் சில மடங்கே உள்ள வட்டுகளில் ஆர அதிர்வுகள் குறுக்கிடும் என்பதால், அவற்றுக்கு ஒருபரிமாண மாதிரியை நம்பாமல் பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிக்கும் வரம்புறு கூறு முறைக்குச் செல்வதே முறை.