ஓரியூர் செம்மண்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தை கடைசி நெருங்கினால் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, அம்மாவுக்கு முடியல, ஓரியூர் கூட்டிட்டுப் போகணும்." கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தரின் கோயில் இருக்கும் ஊர் அது; அங்கத்திச் செம்மண் நோய் தீர்க்கும் என்று நம்பிப் போகிறார்கள். தொண்டிப் பக்கம் வேன் ஓட்டுகிறவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? செருப்பைக் கழற்று, பூசையில் செல்போனை அணை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ராமநாதபுரத்தில் போய் இறங்குவது

மாவட்டப் பெயரை நம்பி அங்கே இறங்கிவிட்டு ஆட்டோ தேடுகிறார்கள். ஓரியூர் இருப்பது திருவாடானை தாலுகாவில், மாவட்டத்தின் வடகோடியில். தொண்டிக்கு வாருங்கள், எஸ்.பி.பட்டினம் பக்கம்தான்.

கச்சத்தீவோடு குழப்புவது

அங்கே அந்தோணியார். இங்கே அருளானந்தர்.

மண்ணைப் புண்ணில் அப்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. லிஸ்பனில் பிறந்து, இங்கே வந்து காவி கட்டி, பண்டாரசுவாமி என்னும் துறவிக் கோலத்தில் மறவர் சீமையில் நடந்தவர் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர். அந்தச் சீமையின் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவெடுக்க, ஒதுக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி மன்னர் சேதுபதிக்கு உறவுக்காரியாக இருந்தாள்; அவரிடமே போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். அந்த ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்று சனங்கள் நம்புகிறார்கள். வேதக்காரர்கள் மட்டுமில்லை, இந்துக்களும்தான். ஒரு பிடி எடுத்து நெற்றியில் வையுங்கள், வீட்டில் முடிந்து வையுங்கள், யார் வேண்டாம் என்றது?

ஆனால் என் வண்டியில் வந்த ஒரு பெரியவர், கடல் தொழில், சர்க்கரைக்காரர், காலில் சிப்பி வெட்டிய புண். மகன் மண்ணை வேப்பெண்ணெயில் குழைத்துப் பற்றுப் போட்டு, "மண்ணு வச்சிருக்கும்போது மாத்திரை சேராது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். சர்க்கரைக் காலில் வலி தெரியாது, அதுவே பாதி ஆபத்து. மண்ணில் டெட்டனஸ் கிருமியும் இருக்கும், எந்த ஊர் மண்ணானாலும் சரி. கட்டைப் பிரித்தபோது நாற்றம். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த யோசனை சொன்ன ஆள் அடுத்த திருவிழாவிலும் மரத்தடியில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்குக் கரைத்துக் கொடுப்பது

கூடவே கூடாது.

நோயாளியைத் திருவிழா அன்று கூட்டி வருவது

பிப்ரவரி 4 கூட்டத்தில் நிற்க முடியாதவரை எங்கே உட்கார வைப்பீர்கள்? வேறொரு நாள் காலையில் வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மாத்திரை டப்பாவும் பையில் இருக்கட்டும்.