புதுச்சேரி கரையில் நின்று பக்கத்துச் சூரியனைப் பார்ப்பது எப்படி? கூடவே அதன் கோளைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது எப்படி?

நம் சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம் ஆல்ஃபா சென்டாரி. டெல்லியில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடும், அங்கிருந்து அதைப் பார்ப்பது நடக்காத காரியம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அந்தக் கவலை இல்லை. நாம் 12 டிகிரி வட அட்சத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால், கோடை இரவுகளில் அது தெற்கு வானில் 17 டிகிரி உயரம் வரை ஏறி வருகிறது, வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிகிறது. இப்படி ஒரு இடத்தில் வாழ்ந்துகொண்டு அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தக் குடும்பத்தில் மொத்தம் மூன்று நட்சத்திரங்கள். சூரியனைப் போலவே இருக்கும் ஏ, அதைவிடக் கொஞ்சம் சிறிய பி, இவை இரண்டும் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. மூன்றாவது, வெகுதூரம் தள்ளி நிற்கும் பிராக்ஸிமா சென்டாரி, மங்கலான சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனைவிட மிகச் சிறிய, சூடு குறைந்த நட்சத்திர வகை. மூன்றில் நமக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான்: 4.24 ஒளியாண்டு, அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் (வினாடிக்கு 17 கிமீ) ஏறக்குறைய 75,000 ஆண்டு பிடிக்கும். இந்தப் பிராக்ஸிமாவை 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும் கோள்தான் பிராக்ஸிமா பி.

நமக்கு இரண்டு வேலை. முதலில் வெளியே போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பது, அப்புறம் வீட்டுக்கு வந்து கோளின் தூரம், நிறை, வெளிச்சம் மூன்றையும் நாமே கணக்குப் போட்டு எடுப்பது. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். கையில் ஒரு போன், ஒரு பேனா, பழைய நோட்டு, முடிந்தால் பைனாகுலர். வேறு செலவு எதுவும் இல்லை.

எப்போது, எங்கே போவது

இதில் சறுக்கினால் மற்ற எல்லாம் வீண், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஆல்ஃபா சென்டாரி நேர் தெற்கில் உச்சிக்கு வரும் நேரம் தினமும் 4 நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நம் ஊர்க் கடிகாரப்படி ஏப்ரல் கடைசியில் இரவு 12.15 சுமாருக்கு, மே நடுவில் 11.20-க்கு, ஜூன் தொடக்கத்தில் 10.15-க்கு, ஜூன் நடுவில் 9.20-க்கு, ஜூன் கடைசியில் 8.20 வாக்கில். அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போனாலும் பார்த்துவிடலாம், கொஞ்சம் தாழ்வாக இருக்கும், அவ்வளவுதான். பிப்ரவரி நடுவில் விடியற்காலை 5 மணிக்கு எழ முடிந்தால் அப்போதும் நேர் தெற்கில் நிற்கும். அக்டோபர், நவம்பரில் தேட வேண்டாம், வடகிழக்குப் பருவமழை மேகம் ஒரு பக்கம், அந்த நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுவது இன்னொரு பக்கம்.

மாதத்தைப் பார்த்ததும் நிலவையும் பாருங்கள். நாள்காட்டியில் அமாவாசையை ஒட்டிய நாட்களைக் குறித்து வையுங்கள். நட்சத்திரம் பிரகாசமானதுதான், பௌர்ணமியிலும் தெரியும், ஆனால் அதைக் கண்டுபிடிக்க உதவும் மற்றவை மங்கிவிடும்.

இடம் என்று வந்தால் ஒரே விதி: ஊரின் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நாம் பார்க்கப்போவது தெற்கே, அதுவும் தாழ்வாக. ஆகவே ஊருக்குத் தெற்கே போய் நிற்பது நல்லது. புதுச்சேரிக்காரர்கள் பீச் ரோட்டில் நின்றே பார்க்கலாம், முடியாது என்றில்லை, ஆனால் வீராம்பட்டினம் பக்கம் போனால் நகர வெளிச்சம் வடக்கே தங்கிவிடும். நம் கரை தெற்கே போகப்போகக் கொஞ்சம் மேற்காகச் சாய்வதால், கரையில் நின்று நேர் தெற்கே திரும்பினால் எதிரே கடல்தான் வரும், மரமோ கட்டடமோ மறைக்காது. கடலூரில் சில்வர் பீச் வசதியான இடம்தான், என்றாலும் தெற்கே பழைய துறைமுகம், சிப்காட் பக்கத்து வெளிச்சம் குறுக்கே வரும். சாமியார்பேட்டை வரை போக முடிந்தவர்கள் அங்கே போங்கள். இரவு நேரம், தெரியாத கரை, தனியாகப் போகாதீர்கள்.

மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1769 ஜூன் 4 காலையில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ஜாந்தீல் என்ற வானியலர். 1761-இல் வந்த முதல் வாய்ப்பும் அவருக்கு நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் போய்விட்டது. எட்டு ஆண்டு கழித்து வந்த அந்தக் காலையும் மேகம் மூடிக்கொண்டது. உங்களுக்கு அப்படியில்லை, இன்று மூடினால் நாளைக்குப் போகலாம்.

வானத்தில் தேடும் முறை

போனில் திசைகாட்டியைத் திறந்து நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஆப்பைப் பார்த்துக்கொண்டே வானத்தைப் பார்த்தால் வானம் தெரியாது.

கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. கடல் கோட்டின் மேல் ஒரு முஷ்டியை வைத்து, அதன் மேல் இன்னொரு முஷ்டியில் முக்கால் பங்கு. அந்த உயரத்தில்தான் நம் ஆள் இருக்கிறார். அங்கே அருகருகே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும், இடையே நடு மூன்று விரல்களின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. இடது பக்கம் இருப்பது, கூடுதல் பிரகாசமானது, ஆல்ஃபா சென்டாரி. வலது பக்கம் இருப்பது பீட்டா சென்டாரி, இதற்கும் நம் கதைக்கும் சம்பந்தமில்லை, அது பல நூறு ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

சரியான ஜோடிதானா என்று உறுதி செய்ய, இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டு வலப்பக்கமாக நீட்டுங்கள். நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்த சிறிய தெற்குச் சிலுவைக்கு அது கொண்டுபோய் விடும். நம் மரபில் திரிசங்கு என்று சொல்வது இதைத்தான். ஆல்ஃபா உச்சியில் இருக்கும் நேரத்தில் சிலுவை வலப்பக்கம் சாய்ந்து இறங்கத் தொடங்கியிருக்கும். சிலுவை தெரிந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கோள்கள் எதுவும் அவ்வளவு தெற்கே போகாது, அதனால் வியாழனோ வெள்ளியோ என்று குழம்பவும் இடமில்லை. கடலோர ஈரக் காற்றில் அது கொஞ்சம் மஞ்சளாக, துடிப்பாகத் தெரியலாம்.

நீங்கள் ஒரு புள்ளியாகப் பார்ப்பது ஏ, பி என்ற இரண்டு நட்சத்திரங்களும் சேர்ந்த வெளிச்சம். அது ஒன்றல்ல, இரண்டு என்று முதலில் கண்டுபிடித்தது எங்கிருந்து தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து! 1689 டிசம்பரில் ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. இதை நம் ஊர்ப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். உங்களிடமோ நண்பரிடமோ மூன்று அங்குலத் தொலைநோக்கி இருந்தால் நீங்களும் பிரித்துப் பார்க்கலாம். 2016 வாக்கில் இரண்டும் மிக நெருங்கித் தெரிந்தன, இப்போது விலகி வருகின்றன, பிரித்துப் பார்க்க இது நல்ல காலம்.

பிராக்ஸிமா எங்கே?

கையை நீட்டிக் கட்டைவிரலை ஆல்ஃபாவுக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக வையுங்கள். அந்த விரல் அகலத்தின் முடிவில், 2 டிகிரி சொச்சம் தள்ளி, பிராக்ஸிமா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய மிக மங்கலான நட்சத்திரத்தைவிட அது சுமார் நூறு மடங்கு மங்கல். 1915-இல்தான் ராபர்ட் இன்னஸ் ஜோகன்னஸ்பர்க்கில் அதைக் கண்டுபிடித்தார். நல்ல இருட்டும் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு வரைபடமும் இருந்தால் முயலலாம், தொடக்கக்காரர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம். இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கோளின் தூரம்

இப்போது வீட்டுக்கு வாருங்கள், கால்குலேட்டரை எடுங்கள். நமக்குத் தெரிந்தவை இரண்டே எண்கள்: கோள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 11.2 நாள், பிராக்ஸிமாவின் நிறை சூரியனில் 0.12 பங்கு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சுற்றும் காலத்தை ஆண்டில் எழுதி, அதை வர்க்கமாக்கி, நட்சத்திரத்தின் நிறையால் பெருக்கினால், தூரத்தின் கனம் கிடைக்கும். தூரத்தின் அளவுகோல் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள தூரம், அதை 15 கோடி கிமீ என்று வைத்துக்கொள்வோம்.

11.2-ஐ 365.25-ஆல் வகுத்தால் 0.03066. அதையே அதால் பெருக்கினால் 0.00094. அதை 0.12-ஆல் பெருக்கினால் 0.0001128. இதன் கனமூலம்தான் விடை. போனில் கனமூலப் பொத்தான் இல்லாவிட்டால் பரவாயில்லை, குத்துமதிப்பாகத் தேடுங்கள்: 0.05-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.000125, அதிகம். 0.048 போட்டால் 0.0001106, குறைவு. 0.0483 போட்டால் பொருந்துகிறது. அதை 15 கோடியால் பெருக்கினால் 72.5 லட்சம் கிமீ.

அவ்வளவுதான், ஒரு வேற்றுக் கோளின் தூரத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். புதன் நம் சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிமீ, இது அதில் எட்டில் ஒரு பங்கு.

கோளின் நிறை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. யாரும் அந்தக் கோளைப் படம் பிடிக்கவில்லை. நட்சத்திரத்தின் அசைவை வைத்துத்தான் பிடித்தார்கள். கோள் சுற்றும்போது நட்சத்திரமும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஆடும், நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமும் விலகும்போது சிவப்புப் பக்கமும் இம்மியளவு நகரும். சிலியில் லா சில்லா என்ற இடத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு பூட்டிய ஹார்ப்ஸ் என்ற நிறமாலைக் கருவி அந்த நகர்வை அளந்தது. கிலெம் அங்லாடா-எஸ்குடே தலைமையிலான குழு 2016 ஆகஸ்ட் 24 அன்று அறிவித்தது. அவர்கள் அளந்த ஆட்டத்தின் வேகம் வினாடிக்கு சுமார் 1.4 மீட்டர், மணிக்கு 5 கிமீ. பீச் ரோட்டில் காலையில் நடைப்பயிற்சி போகிறவரின் வேகம்! 40 லட்சம் கோடி கிமீ தள்ளி இருக்கும் ஒரு நட்சத்திரம் நடக்கிற வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவதை அளந்திருக்கிறார்கள், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கணக்குக்கு வருவோம், பாதை வட்டம் என்று வைத்துக்கொண்டு. 72.5 லட்சத்தை 6.283-ஆல் பெருக்கினால் சுற்றுப்பாதையின் நீளம், சுமார் 455 லட்சம் கிமீ. 11.2 நாளில் 9,67,680 வினாடி. வகுத்தால் கோளின் வேகம் வினாடிக்கு 47 கிமீ, அதாவது 47,000 மீட்டர். கோளின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கினால் வருவதும், நட்சத்திரத்தின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கினால் வருவதும் சமம். சூரியன் 3,33,000 பூமிகளின் நிறை, அதில் 0.12 பங்கு என்றால் பிராக்ஸிமா சுமார் 40,000 பூமி. ஆக 40,000-ஐ 1.4-ஆல் பெருக்கி 47,000-ஆல் வகுத்தால் 1.19. பூமியைவிடக் கொஞ்சம் கனமான கோள்!

முதல் அறிவிப்பில் 1.27 என்று சொன்னார்கள், பிறகு வந்த நுட்பமான அளவீடுகள் 1.07 பக்கம் கொண்டுவந்தன. நம் விடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், இது குறைந்தபட்ச நிறை. பாதை நம் பார்வைக்குச் சாய்வாக இருந்தால் உண்மை நிறை இதைவிடக் கூடும். கோள் நட்சத்திரத்தின் முகத்தைக் கடந்து போவதும் இதுவரை காணப்படவில்லை, ஆகவே அதன் விட்டத்தை யாரும் அளக்கவில்லை. செய்தித்தாளில் வரும் நீலக் கடலும் பாறையுமான படங்கள் ஓவியர் வரைந்தவை.

வெளிச்சமும் குளிரும்

பிராக்ஸிமா வெளியிடும் மொத்த ஆற்றல் சூரியனில் சுமார் 0.0015 பங்கு. அதை தூரத்தின் வர்க்கத்தால் (0.0483-ஐ அதாலேயே பெருக்கினால் 0.00233) வகுங்கள், 0.64 வரும். பூமிக்குச் சூரியனிலிருந்து கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இந்த 0.64-க்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து 255-ஆல் பெருக்குங்கள், 228 கெல்வின், அதாவது மைனஸ் 45 டிகிரி செல்சியஸ். பயப்பட வேண்டாம், காற்று மண்டலம் பிடித்து வைக்கும் வெப்பத்தைச் சேர்க்காத கணக்கு இது. நம் பூமிக்கே இந்தக் கணக்கு மைனஸ் 18 காட்டும், மேலே போட்ட 255 கெல்வின் அதுதான். தகுந்த காற்று இருந்தால் அங்கே தண்ணீர் திரவமாக இருக்க வாய்ப்புண்டு, அதனால்தான் இதை உயிர்வாழ ஏற்ற மண்டலத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் காற்று மிஞ்சியிருக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. பிராக்ஸிமா அடிக்கடி சீறும் நட்சத்திரம். 2019 மே 1 அன்று புறஊதா ஒளியில் சில வினாடிகளுக்குள் சுமார் 14,000 மடங்கு பிரகாசமானது பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் நின்று அதை வாங்கிக்கொள்ளும் கோள் அது. தவிர, நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல அதுவும் நட்சத்திரத்துக்கு ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும், ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. உயிர் இருக்கிறது என்று தலைப்பு போடுகிற காணொளிகளை நம்பாதீர்கள்.

பயிற்சிக்கு ஒன்று: 2022-இல் பிராக்ஸிமா டி என்ற இன்னொரு கோளும் அறிவிக்கப்பட்டது, சுற்றும் காலம் 5.12 நாள். தூரக் கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள், 43 லட்சம் கிமீ வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.