முதலில் உட்காருங்கள், அப்புறம் அறுக்கலாம்

நான் முதன்முதலில் செய்த நாற்காலி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் மடிக்காத துணிதான் உட்காருகிறது. மூட்டுகளில் மயிரிழை இடைவெளி கிடையாது, முதுகு நூல் பிடித்தது போல் நேர். அந்த நேர்தான் வினை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் விசாரணைக்கு வந்தவர் போல உடம்பு விறைத்துவிடும்.

அதற்கப்புறம், நல்ல மரத்தைத் தொடுவதற்கு முன் துண்டுப் பலகைகளில் மாதிரி நாற்காலி ஒன்றைச் செய்துவிடுகிறேன். அழகு பார்க்க வேண்டாம். ஆணி அடிக்காமல் திருகாணி போடுங்கள், பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

முதலில் உயரம். உட்காரப் போகிறவரின் முழங்கால் உள்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, இருக்கையின் முன்விளிம்பை அதைவிட ஒன்றிரண்டு செ.மீ. தாழ்வாக வையுங்கள். பலரும் உட்காரும் நாற்காலி என்றால் 42, 43 செ.மீ. சந்தேகம் வந்தால் குறைத்துவிடுங்கள். தாழ்ந்த இருக்கையில் நெட்டையானவர் காலை நீட்டிக்கொள்வார். உயர்ந்த இருக்கையில் குள்ளமானவருக்குத் தொடை அழுந்திக் கால் மரத்துப்போகும். இருக்கையின் ஆழம் 40 முதல் 43 செ.மீ. போதும். நன்றாகச் சாய்ந்த பிறகும் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும்.

இருக்கையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 1.5 அல்லது 2 செ.மீ. தாழட்டும். சமதளமாக விட்டால், சாயும்போதெல்லாம் உடம்பு முன்னால் வழுக்கும். மாதிரியின் முன்கால்களுக்கு அடியில் மரச்சில்லு வைத்து இதைச் சோதிக்கலாம்.

முதுகில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 100 முதல் 105 டிகிரி வரை வையுங்கள். அதைவிட முக்கியம், எந்த இடத்தில் தாங்குகிறது என்பது. இருக்கையிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில், இடுப்புக்குச் சற்று மேலே உள்ள குழிவில் ஒரு குறுக்குப்பட்டை படவேண்டும். அதற்குக் கீழே காலியாக விடுங்கள், பிட்டம் பின்னால் போக இடம் வேண்டுமே! என் பழைய நாற்காலியில் பலகை இருக்கை வரை இறங்கியது; பிட்டம் முட்டியது, இடுப்பு அந்தரத்தில் நின்றது. இப்போது ஒரே ஒரு பட்டையைக் கிளாம்ப் போட்டு மாட்டி, உட்கார்ந்தவர் "இங்கேதான்" என்று சொல்லும் வரை ஏற்றி இறக்குகிறேன்.

ஆனால் அந்தச் சொல்லை உடனே நம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு நிமிடம் எந்த நாற்காலியும் சுகம்தான். கையில் செய்தித்தாளைக் கொடுத்து அரைமணி நேரம் விடுங்கள். நெளிய ஆரம்பித்ததும் எங்கே உறுத்துகிறது என்று கேளுங்கள்.

இருக்கையைக் குடைய 4 செ.மீ. கனமுள்ள பலகை எடுக்கிறேன். நெளிவு அட்டைப்பெட்டியின் துண்டு ஒன்றைக் கெட்டியான இடத்தில் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால், உட்காரும் எலும்புகள் இரண்டும் பள்ளம் பதித்திருக்கும். குழிவின் ஆழம் அங்கே 1.5 செ.மீ. தாண்ட வேண்டாம். ஒருமுறை என் உடம்புக்கு அச்சு எடுத்தது போல ஆழமாகக் குடைந்துவிட்டேன். தம்பியால் அதில் உட்கார முடியவில்லை. எனக்கே கூட அசைந்து உட்கார வழியில்லை. முன்விளிம்பை மட்டும் தாராளமாக உருட்டிவிடுங்கள்.

அளவெல்லாம் சரியான பிறகு நல்ல மரத்துக்கு வாருங்கள். பின்கால்களின் பாதம் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கட்டும், இல்லாவிட்டால் சாய்கிறவர் மல்லாந்துவிடுவார். வளைந்த காலை அறுக்கும்போது மரத்தின் இழை வளைவோடு போகிறதா என்று பாருங்கள். இழை குறுக்கே வெட்டுப்பட்டால் அங்கேதான் முறியும். முன்காலையும் பின்காலையும் இணைக்கும் பக்கச்சட்டம் பின்காலில் சேரும் மூட்டுதான் அதிகச் சுமை தாங்குவது. சட்டத்தின் முனையிலிருந்து காலின் துளையில் இறங்கும் நாக்கை அங்கே முடிந்தவரை நீளமாக விடுங்கள்.

கடைசியில் நாற்காலி ஆடினால், ஆடுகிற காலைத் தேடி அறுக்காதீர்கள். அது குட்டையாகிக்கொண்டே போகும். சமமான பலகையில் நிறுத்தி, குட்டைக் கால்களுக்குச் சில்லு கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு மரக்கட்டை மேல் பென்சிலைக் கிடத்தி, அதே உயரத்தில் நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட்டு, கோட்டோடு அறுங்கள். இந்தக் கழிவுக்காகக் கால்களை முதலிலேயே 2 செ.மீ. கூடுதலாக விட்டிருக்க வேண்டும்.