இறுதி நியாயத்தீர்ப்பைப் படிக்கத் தொடங்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழித்துணை

நியாயத்தீர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேதாகமத்தைத் திறக்கிறவர்களில் பலர் நேராகக் கடைசிப் புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சிறு வயதில் வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். வெள்ளைச் சிங்காசனம், திறக்கப்பட்ட புத்தகங்கள், அக்கினிக் கடல். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதன்பின் பல வருஷம் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அந்த அதிகாரத்தில் தவறு ஏதுமில்லை, நான் உள்ளே நுழைந்த வாசல்தான் தவறு. 'என்ன நடக்கும்' என்று கேட்டேனே தவிர, 'தீர்ப்புச் சொல்லப்போகிறவர் யார்' என்று கேட்கவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையில் இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாளில் முடிக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேதாகமமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

தொடங்குமுன்: சொற்கள்

தமிழில் இரண்டு விதமான சொல்வழக்கு இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் நியாயத்தீர்ப்பு, விசுவாசம், கிருபை, நித்திய ஜீவன் என்று வரும். திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் தீர்ப்பு, நம்பிக்கை, அருள், நிலைவாழ்வு என்று வரும். பொருள் ஒன்றுதான். நான் பழைய வழக்கைப் பின்பற்றுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆக்கினைத்தீர்ப்பு. நியாயத்தீர்ப்பு என்பது விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. ஆக்கினைத்தீர்ப்பு என்பது குற்றவாளி என்று முடிவாகித் தண்டனைக்கு உள்ளாவது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு படித்தால் வசனங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரியும்.

படி 1: நியாயாதிபதி யார் என்று பாருங்கள்

யோவான் 5ஆம் அதிகாரத்தில் 19 முதல் 29 வரை இரண்டு முறை படியுங்கள். 22ஆம் வசனத்தில் இயேசு சொல்வது: பிதா ஒருவரையும் நியாயந்தீர்ப்பதில்லை, அந்த அதிகாரம் முழுவதையும் குமாரனிடம் கொடுத்துவிட்டார். 27ஆம் வசனம் அதற்குக் காரணமும் சொல்கிறது: அவர் மனுஷகுமாரனாக இருப்பதால். இந்தப் பட்டத்தின் வேர் தானியேல் 7:13, 14-இல் இருக்கிறது. மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் வானத்து மேகங்களோடு வந்து, எல்லா ஜனங்கள்மேலும் ஆளுகையைப் பெறும் காட்சி அது. கூடவே, நம்மைப் போலப் பசித்து, களைத்து, அழுத ஒரு மனிதர் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அப்போஸ்தலர்களும் இதையே பிரசங்கித்தார்கள். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியபோது, தேவன் ஒரு நாளைக் குறித்திருக்கிறார், ஒரு மனிதரைக் கொண்டு உலகத்தை நீதியாய் நியாயந்தீர்ப்பார், அவரை மரித்தோரிலிருந்து எழுப்பியதே அதற்கு உறுதி என்றார் (அப்போஸ்தலர் 17:31).

இப்போது நான் மிகவும் நேசிக்கிற ஒரு விவரம். 'நியாயாசனம்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கிரேக்கத்தில் அது 'பேமா', அதிபதி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் மேடை. கொரிந்து பட்டணத்தில் பவுலைப் பிடித்து கல்லியோன் என்ற ரோம அதிபதியின் நியாயாசனத்துக்கு முன் கொண்டுபோனார்கள் (அப்போஸ்தலர் 18:12). சில வருஷங்கள் கழித்து அதே ஊர்ச் சபைக்கு எழுதும்போது, நாம் எல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்க வேண்டும் என்கிறார் (2 கொரிந்தியர் 5:10). அதே சொல். அந்த மேடையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

அடுத்து யோவான் 19:13-ஐத் திறங்கள். ரோம அதிபதி பிலாத்து உட்கார்ந்திருப்பதும் நியாயாசனத்தில்தான். எதிரே கட்டுண்டு நிற்பவர் இயேசு. அநியாயமான தீர்ப்பின் கீழ் நின்றவரிடம்தான் கடைசித் தீர்ப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொய்ச்சாட்சி என்றால் என்ன, கூட்டத்துக்குப் பயந்து வளைகிற நீதிபதி என்றால் என்ன என்பது அவருக்கு வெளியிலிருந்து தெரிந்த விஷயம் இல்லை.

நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'என்னை நியாயந்தீர்ப்பவர் ஒருமுறை எனக்காக நியாயந்தீர்க்கப்பட்டவர்.' 'எனக்காக' என்ற சொல்லுக்குக் காரணம் மூன்றாம் படியில் வரும்.

படி 2: குற்றச்சாட்டை வாசியுங்கள்

ரோமர் 1:18 முதல் 3:20 வரை. நீளமான பகுதி, வேகமாகவே படிக்கலாம். பவுல் முதலில் வெளிப்படையாகப் பாவம் செய்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். வாசிக்கிறவர் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டும் நேரத்தில், இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அவர் பக்கம் திரும்புகிறார்: மற்றவனைக் குற்றப்படுத்துகிற நீயும் அதையே செய்கிறாய். முடிவு 3:23-இல்: எல்லாரும் பாவம் செய்தோம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். குற்றம் உண்மையானது என்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மன்னிப்பு வெறும் மரியாதைப் பேச்சாகத்தான் படும்.

படி 3: சிலுவையில் வழக்குக்கு என்ன ஆனது?

ரோமர் 3:21 முதல் 26 வரை படித்துவிட்டு கொலோசெயர் 2:14-க்கு வாருங்கள். அங்கே, நமக்கு எதிராக இருந்த 'கையெழுத்தை' தேவன் குலைத்து, சிலுவையில் ஆணியடித்தார் என்று வருகிறது. கையெழுத்து என்றவுடன் நமக்கு எழுத்தின் அழகு நினைவுக்கு வரலாம். கிரேக்கச் சொல் குறிப்பது கடன் வாங்கினவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டை. 'நான் இவ்வளவு தர வேண்டியவன்' என்று நாமே எழுதிக் கொடுத்த சீட்டு அழிக்கப்பட்டது என்கிறார் பவுல்.

சிலுவையை இன்னும் எளிதாகப் புரிந்துகொள்ள விரும்பினால் பரபாஸைப் பாருங்கள் (மாற்கு 15:6 முதல் 15 வரை). கலகத்தில் கொலை செய்தவர்களோடு அடைக்கப்பட்டிருந்தவன் அவன். அன்று காலை சிறைக்கதவு திறந்தபோது அவன் எதை எதிர்பார்த்திருப்பான்? வெளியே வந்தான், விடுதலையானான். சாக வேண்டியவன் நடந்து போனான், குற்றமற்றவர் சிலுவைக்குப் போனார். மாற்கு இதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை, நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கேள்வி வரும்: ஒருவருக்குப் பதில் இன்னொருவர் தண்டனை ஏற்பது நியாயமா? நல்ல கேள்வி. யாரோ மூன்றாம் மனிதரைப் பிடித்துத் தண்டித்தால் அது அநியாயம்தான். கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது வேறு. தீர்ப்புச் சொல்ல உரிமையுள்ளவரே இறங்கி வந்து, தாமாக மனமுவந்து அந்தக் கடனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். யோவான் 10:18-இல், என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிப்பதில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார்.

படி 4: விசுவாசம் என்றால் என்ன?

'இயேசுவை விசுவாசித்தால் ஆக்கினை இல்லை' என்று யோவான் 3:18 சொல்கிறது. அப்படியானால் எந்த மாதிரி விசுவாசம்? ஒரு விஷயம் உண்மை என்று ஏற்றுக்கொண்டால் போதுமா? யாக்கோபு 2:19 பதில் தருகிறது: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன."

இங்கே நம் மொழி நமக்கு உதவி செய்கிறது. தமிழில் விசுவாசம் என்றால் நம்புவது மட்டுமில்லை. நன்றி விசுவாசம் என்கிறோம், எஜமானிடம் விசுவாசமாக இருந்தான் என்கிறோம். ஒருவரைச் சார்ந்து, அவர் பக்கம் உறுதியாக நிற்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. கிரேக்கத்தின் 'பிஸ்டிஸ்' என்ற சொல்லிலும் இந்த இரண்டும் உண்டு.

உதாரணத்துக்கு லூக்கா 23:39 முதல் 43 வரை. சிலுவையில் தொங்கிய குற்றவாளி செய்தது மூன்று காரியம். தன் தண்டனை நியாயமானது என்றான். இயேசு குற்றமற்றவர் என்றான். 'என்னை நினைத்தருளும்' என்று கேட்டான். நன்மை செய்ய அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை, நேரமும் இல்லை. ஆனாலும் அன்றைக்கே பரதீசில் தம்மோடு இருப்பான் என்று பதில் வந்தது.

படி 5: அப்படியானால் நம் செயல்கள்?

புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். நின்று நிதானமாகப் படியுங்கள்.

ஒரு பக்கம், விசுவாசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்புக்கு உட்படுவதில்லை (யோவான் 5:24). மறுபக்கம், அவரவர் செய்ததற்குத் தக்க பலனைப் பெற எல்லாரும் நியாயாசனத்துக்கு முன் நிற்க வேண்டும் (2 கொரிந்தியர் 5:10). தொடக்கத்தில் பிரித்துக்கொண்ட இரண்டு சொற்களை இங்கே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். விசுவாசிக்கு விசாரணை உண்டு, தள்ளிவிடும் தீர்ப்பு இல்லை. 1 கொரிந்தியர் 3:10 முதல் 15 வரை இதற்கு ஒரு படம் வரைகிறது. அஸ்திபாரம் கிறிஸ்து. அதன்மேல் ஒருவன் பொன்னால் கட்டுகிறான், இன்னொருவன் வைக்கோலால் கட்டுகிறான். தீ எல்லாவற்றையும் சோதிக்கும். வைக்கோல் வீடு எரிந்துபோகும், கட்டினவன் நஷ்டப்படுவான், ஆனாலும் நெருப்பிலிருந்து தப்பினவனைப் போல இரட்சிக்கப்படுவான். பவுல் அங்கே முதலாவது ஊழியர்களைப் பற்றிப் பேசுகிறார் என்றாலும், பலர் அதை எல்லா விசுவாசிகளுக்கும் பொருத்திப் படிக்கிறார்கள்.

பிறகு மத்தேயு 25:31 முதல் 46 வரை. செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும். பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகமுள்ளவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடை, நோயாளியைப் பார்ப்பது, சிறையில் இருப்பவனிடம் போவது. இவைதான் தீர்ப்புக்கு ஆதாரமாக வைக்கப்படுகின்றன. 'நன்மை செய்தால் மோட்சம்' என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாமல் மூன்று இடங்களில் கோடு போடுங்கள்.

முதலில், 37ஆம் வசனம். நீதிமான்கள் ஆச்சரியப்படுகிறார்கள்: ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்? கணக்கு வைத்துச் செய்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அவர்கள் செய்தது சம்பளத்துக்காக இல்லை, அவர்கள் எப்படிப்பட்டவர்களாக மாறியிருந்தார்களோ அதிலிருந்து தானாக வந்தது. அடுத்து, 44ஆம் வசனம். இடதுபக்கம் நிற்பவர்களும் 'ஆண்டவரே' என்றுதான் அழைக்கிறார்கள். வாயில் அந்தச் சொல் இருந்தது, சிறியவர்கள் கண்ணில் படவில்லை. கடைசியாக 34-ஐயும் 41-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ராஜ்யம் 'உங்களுக்காக' ஆயத்தமாக்கப்பட்டது. அக்கினியோ 'பிசாசுக்கும் அவன் தூதர்களுக்கும்' ஆயத்தமாக்கப்பட்டது. மனிதருக்கென்று அது உண்டாக்கப்படவில்லை. இந்த வித்தியாசத்தை முதல்முறை கவனித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மரத்தை அதன் கனியால் அறிவார்கள். கனி மரத்தை உயிரோடு வைத்திருப்பதில்லை, மரம் உயிரோடு இருக்கிறது என்று காட்டுகிறது. செயல்களுக்கும் விசுவாசத்துக்கும் உள்ள உறவை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

படி 6: கருத்து வேறுபடும் இடங்கள்

சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். இயேசு உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று பழங்காலச் சபையின் பொது அறிக்கையான நிசேயா விசுவாசப் பிரமாணம் அறிக்கையிடுகிறது. இதில் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள் வேறுபாடு இல்லை. விவரங்களில் உண்டு. ஒவ்வொருவருக்கும் மரித்தவுடன் ஒரு தனித்தீர்ப்பும் கடைசியில் பொதுத்தீர்ப்பும் உண்டு என்றும், சுத்திகரிக்கப்பட வேண்டியவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றும் கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. ஆயிரவருஷ அரசாட்சி, அதாவது வெளிப்படுத்தின விசேஷம் 20 சொல்லும் கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ ஆளுகை, எப்போது என்பதிலும் பல கருத்துகள். நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவனுக்கு முன் ஒருவர் நீதிமானாக ஏற்றுக்கொள்ளப்படுவது, பற்றிய பழைய சண்டையில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நாம் கிருபையால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நம் தகுதியால் அல்ல என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே மரித்தவர்கள்? எல்லாரும் கேட்கும் கேள்வி. லூக்கா 12:47, 48, ரோமர் 2:14 முதல் 16 வரை, இவற்றைப் படியுங்கள். அறிந்தவனிடம் அதிகம் கேட்கப்படும் என்பது தெளிவு. அதற்கு மேல், ஆதியாகமம் 18:25-இல் ஆபிரகாம் கேட்டதையே நானும் பற்றிக்கொள்கிறேன்: சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ? பெயர் பெயராக யார் உள்ளே, யார் வெளியே என்று பட்டியல் போடும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

படி 7: பயம் திரும்பி வரும் இரவுக்கு

வரும், எனக்கும் வருகிறது. அப்போது ரோமர் 8:33, 34-ஐச் சத்தமாகப் படியுங்கள், மனதுக்குள் வேண்டாம். பவுல் நீதிமன்றக் கேள்விகளைத்தான் கேட்கிறார். குற்றஞ்சாட்டுகிறவன் யார்? ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார்? இரண்டாவது கேள்விக்கு உரிமையோடு 'நான்' என்று சொல்லக்கூடியவர் ஒருவரே. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பவுல் அடுக்குகிறார்: மரித்தார், எழுந்தார், தேவனுடைய வலதுபக்கத்தில் இருக்கிறார், நமக்காக வேண்டுதல் செய்கிறார்.

அறிக்கையிட வேண்டிய பாவம் ஏதாவது மனதில் உறுத்தினால் 1 யோவான் 1:9-ஐப் படித்து, பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் விடிந்தவுடன் போய்க் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வெளிப்படுத்தின விசேஷம் 20-ஐத் திறங்கள். 11ஆம் வசனத்தில் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவரின் பெயர் எழுதப்படவில்லை. யோவான் 5:22-ஐப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, மெதுவாகப் படியுங்கள்.