புகைப்பட மன்றத்தின் மாதப் போட்டி: ஒரு போட்டிச் செயலாளரின் வழிமுறை

எங்கள் புகைப்பட மன்றத்தில் மாதப் போட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நெடுநாளாக என்னிடம் இருக்கிறது. புதிதாக மன்றம் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பரிசாக என்ன கொடுக்கலாம்?" என்பதைத்தான். பதிலுக்கு நான் வேறொன்றைக் கேட்பேன்: "எந்த இடமும் கிடைக்காதவர் அடுத்த மாதமும் வருவாரா?" முதல் பரிசு வாங்கியவர் எப்படியும் வந்துவிடுவார். ஒன்றும் கிடைக்காதவர் புதுப் படத்தோடு திரும்பி வந்தால்தான் போட்டி ஒழுங்காக நடந்திருக்கிறது என்பது என் கணக்கு. தலைப்பு, விதி, திரை, நடுவர் என அனைத்தையும் அவரை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

தலைப்பு வைப்பது

ஆண்டு முழுவதற்குமான தலைப்புகளை முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களுக்கும் படம் எடுக்க வாய்ப்பது மாதத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான். முன்கூட்டியே தெரிந்தால் தலைப்பு அவர்கள் மனத்தில் ஊறிக்கொண்டிருக்கும்.

"அழகு", "மகிழ்ச்சி", "இயற்கை" போன்ற அகன்ற தலைப்புகளை நான் வைப்பதில்லை. அப்படி வைத்தால் எல்லோரும் பழைய ஃபோல்டரைத் திறந்து, எப்போதோ எடுத்ததில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். கேமரா பையை விட்டு வெளியே வருவதேயில்லை. தலைப்பு குறுகக் குறுகக் கற்பனை விரியும். "நிழல் மட்டும், பொருள் வேண்டாம்", "ஒரே ஒரு விளக்கு", "தரையோடு தரையாக", "காத்திருத்தல்" ஆகியவை எங்கள் மன்றத்தில் நன்றாக எடுபட்டவை. தலைப்புப் போட்டிக்கு வரும் படம் கடந்த மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி வைத்திருக்கிறேன். பழைய பொக்கிஷங்களைக் காட்ட விரும்புகிறவர்களுக்காக ஆண்டில் மூன்று போட்டிகளைத் தலைப்பில்லாமல் திறந்து விடுகிறேன்.

தலைப்பைப் பட்டியலில் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வெளியூர் போகாமல், பெரிய லென்ஸ் இல்லாமல், வீட்டுச் சன்னலோரத்திலேயே இதை ஒருவர் எடுக்க முடியுமா? பாதித் தலைப்புகளுக்காவது ஆம் என்ற பதில் வர வேண்டும். "பறக்கும் பறவை" என்று வைத்தால் 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போட்டி நடத்தியதாக ஆகிவிடும்.

கைப்பேசிப் படங்களைத் தனிப் பிரிவாக ஒதுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல ஒளியில் எடுத்த கைப்பேசிப் படத்தைத் திரையில் காட்டினால் எந்த நடுவராலும் அதை எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. உறுப்பினர்களைப் புதியவர், அனுபவசாலி என்று இரண்டு பிரிவுகளாக்கினால் போதும். புதியவர் பிரிவில் ஆண்டுப் புள்ளிகளில் முதலிடம் பெறுபவர் அடுத்த ஆண்டு மேல் பிரிவுக்குப் போகட்டும்.

போட்டி இல்லாத கூட்டங்கள்

ஒவ்வொரு கூட்டமும் போட்டியானால் மன்றம் தேர்வுக்கூடமாகிவிடும். மாதம் இரண்டு முறை கூடுங்கள். ஒன்றில் போட்டி, மற்றதில் செய்முறைப் பயிற்சி. அடுத்த போட்டித் தலைப்புக்குத் தேவையான ஒன்றை அந்தப் பயிற்சிக் கூட்டத்தில் கற்றுக்கொடுத்தால், "எனக்கு இதெல்லாம் எடுக்கத் தெரியாது" என்று ஒதுங்குகிறவர்கள் குறைவார்கள்.

செலவே இல்லாமல் அனைவரையும் வியக்க வைக்கும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். எல்சிடி திரையுள்ள மடிக்கணினி ஒன்றில் முழுத் திரையும் வெறும் வெள்ளையாகத் தெரியும்படி வைத்துவிட்டு, அறை விளக்குகளை அணையுங்கள். திரைக்கு முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல், கரண்டி, குறுந்தகட்டுப் பெட்டி என எதையாவது நிறுத்துங்கள். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டரைக் கேமராவில் பொருத்தி மெதுவாகத் திருப்பினால், ஒரு கட்டத்தில் திரை கறுத்துப்போகும். பிளாஸ்டிக்கில் மட்டும் வானவில் நிறங்கள் பட்டை பட்டையாகத் தோன்றும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது. ஃபில்டர் அதைக் குறுக்கே தடுக்கிறது. பிளாஸ்டிக்கை வார்த்தபோது உள்ளே உறைந்துபோன இறுக்கம் அந்த ஒளியின் தளத்தை நிறத்துக்கு நிறம் வெவ்வேறு அளவில் மாற்றிவிடுவதால், மாறிய ஒளி மட்டும் ஃபில்டரைக் கடந்து வருகிறது. ஒரே ஃபில்டரைக் கைமாற்றிக்கொண்டு கூட்டம் முழுவதும் படம் எடுக்கலாம். போலரைசர் கண்ணாடியுள்ள சன்கிளாஸ் இருந்தால், அதைக் கைப்பேசி லென்ஸின் முன் பிடித்தும் எடுக்கலாம்.

இருட்டறையில் டார்ச்சால் ஒளி ஓவியம் தீட்டுவதும் இதைப் போலவே பிடித்துப்போகும். கேமராவை முக்காலியில் வையுங்கள். விளக்கு எரியும்போதே குவியத்தைச் சரிசெய்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 30 விநாடி என்று தொடங்கலாம். டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் பக்கவாட்டிலிருந்து அசைத்துக்கொண்டே இருந்தால் பொருளின் மேடு பள்ளங்கள் எழுந்து நிற்கும். மூவருக்கு ஒரு மேசை என்று பிரித்துவிட்டால் யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

புகைப்பட உலாவுக்குக் கும்பலாகப் போகாதீர்கள். இருவர் இருவராகப் பிரியுங்கள். பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர். முகம் தெரியும்படி எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். உலா முடிந்ததும் ஒவ்வொருவரும் மூன்று படங்களை மட்டும் காட்ட வேண்டும். ஒரே சுவரைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பார்த்திருப்பதைக் காணும் அந்த அரை மணி நேரம்தான் உலாவின் பலன். அதைத் தவிர்த்துவிட்டு வீட்டுக்குக் கலைந்துபோகாதீர்கள்.

விதிகள்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒருவருக்கு இரண்டு படங்கள் போதும். எண்ணிப் பாருங்கள்: முப்பது பேர் இரண்டு படம் கொடுத்தால் அறுபது படம். படத்துக்கு ஒரு நிமிடம் பேசினாலே நடுவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

எதுவரை திருத்தலாம் என்பதை எழுதிவைக்காவிட்டால் மனக்கசப்பு வரும். திறந்த பிரிவில் எந்தத் திருத்தத்தையும் அனுமதிக்கலாம். இயற்கைப் பிரிவுக்குப் புது விதி எழுத வேண்டாம். ஃபியாப் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பும், அமெரிக்கப் புகைப்படச் சங்கமும், லண்டனில் 1853இல் தொடங்கிய ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியும் ஒப்புக்கொண்ட பொது வரையறை இருக்கிறது. ஓரங்களை வெட்டலாம், ஒளியையும் நிறத்தையும் இயல்பு மாறாமல் சரிசெய்யலாம், சென்சாரில் படிந்த தூசித் தடத்தை நீக்கலாம். காட்சியில் இருந்த ஒன்றை அழிப்பதோ, இல்லாததைச் சேர்ப்பதோ, இடம் மாற்றுவதோ கூடாது. கறுப்பு வெள்ளைப் பிரிவில் அடிக்கடி எழும் சந்தேகத்துக்கும் விடை உண்டு: படம் முழுவதும் ஒரே சாயத்தில், எடுத்துக்காட்டாகப் பழுப்பில், இருந்தால் அது ஒருநிறப் படம்தான். ஒரு பூவை மட்டும் சிவப்பாக விட்டுவைத்தால் அது வண்ணப் பிரிவுக்குப் போக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று கூறிப் பரிசை மறுத்தார். அவ்வளவு பெரிய போட்டியிலேயே தேர்வாளர்கள் முன்னால் அப்படியொரு படம் வென்றது என்றால், நம் மாதக் கூட்டத்தில் கண்ணை மட்டும் நம்ப முடியாது. எங்கள் விதி எளிது: படத்தின் ஒவ்வொரு பகுதியும் உறுப்பினர் தாமே எடுத்த படத்திலிருந்து வந்திருக்க வேண்டும், முதல் மூன்று இடம் பெறுபவர்கள் கேட்டால் அசல் கோப்பைக் காட்ட வேண்டும். எல்லோரிடமும் கேட்பதால் யாரும் தம்மைச் சந்தேகிப்பதாக வருந்துவதில்லை.

பரிசு சிறியதாக இருக்கட்டும். ஒரு சான்றிதழும், வென்ற படத்தின் நல்ல அச்சும் போதும். ஆண்டுப் புள்ளிக் கணக்கில், கலந்துகொண்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி கொடுங்கள். தொடர்ந்து வருகிறவர், இரண்டு முறை மட்டும் வந்து வென்றுபோகிறவரைவிடப் பின்தங்கிவிடக் கூடாது.

கோப்பும் திரையும்

மக்கள் மனம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த படம் மன்றத் திரையில் கறுத்துக் கிடந்தால் யாருக்குத்தான் வலிக்காது? கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே புரொஜெக்டரைப் போட்டுச் சூடேற விடுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்றைத் திரையில் காட்டுங்கள். மிக இருண்ட இரண்டு படிகளும் மிக வெளுத்த இரண்டு படிகளும் தனித்தனியே தெரியும்வரை புரொஜெக்டரின் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றுங்கள். திரையில் வந்து விழும் வெளி விளக்குகளை மறையுங்கள்.

படங்களை எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியில் (பெரும்பாலான திரைகள் பின்பற்றும் நிற வரம்பு), ஜேபெக் கோப்பாகக் கேளுங்கள். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம், வண்ண வெளியைக் கவனிக்காத மென்பொருளில் வெளிறிப்போய்த் தெரியும். அளவு 1920 x 1080 பிக்சலுக்குள் என்று வைப்பவர்கள் செங்குத்துப் படங்களை மறந்துவிடுகிறார்கள். 3:2 விகிதத்தில் கிடைமட்டப் படம் 1620 x 1080 வரை வரலாம். அதையே செங்குத்தாக எடுத்தால் 720 x 1080 மட்டும்தான். பரப்பில் பாதிகூட இல்லை. இதை நடுவரிடம் முன்பே சொல்லிவிடுகிறேன்.

கோப்பின் பெயரில் எண்ணும் தலைப்பும் மட்டும் இருக்கட்டும். எடுத்தவர் பெயர் தனிப் பதிவேட்டில் இருக்கட்டும். கோப்புக்குள் ஒளிந்திருக்கும் பெயர் விவரங்களையும் நீக்குங்கள். சில மென்பொருள்கள் அதைத் திரையின் மூலையில் காட்டிவிடும். வந்த வரிசையிலேயே காட்டாமல் கலைத்து அடுக்குங்கள். ஒருவருடைய இரண்டு படங்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. வெண்பனிப் படத்துக்கு அடுத்து நள்ளிரவுப் படத்தை வைக்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழகுவதற்குள் அதன் முறை முடிந்துவிடும்.

நடுவரிடம் சொல்ல வேண்டியவை

நடுவர் வெளியாளாக இருக்க வேண்டும். மாதப் போட்டிக்கு ஒருவர் போதும், ஆண்டுப் போட்டிக்கு மூவர். மூவரும் ஒரே நேரத்தில், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் இட வேண்டும்.

தலைப்பையும் விதிகளையும் ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் முதலில் எல்லாப் படங்களையும் பேச்சில்லாமல், தலைப்பை மட்டும் வாசித்து ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதுதான் முதல் படமும் கடைசிப் படமும் ஒரே தராசில் நிற்கும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் மூன்று விஷயங்களைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் படம் எதைப் பற்றியது, அதற்கு எது துணை நிற்கிறது, அடுத்த முறை எதை மாற்றிப் பார்க்கலாம். "வலது ஓரத்து வெள்ளைப் பை கண்ணை இழுக்கிறது, ஓரடி இடப்புறம் நகர்ந்திருந்தால் மறைந்திருக்கும்" என்பது பயன்படும் சொல். "எனக்குப் பூனைப் படங்கள் பிடிக்காது" என்பது யாருக்கும் பயன்படாது. எந்தக் கேமரா என்ற கேள்வியை எங்கள் கூட்டத்தில் நடுவர் கேட்கக் கூடாது.

இருபதுக்கு இத்தனை என்று ஒவ்வொரு படத்துக்கும் உரக்க எண் அறிவிப்பதை நான் விரும்புவதில்லை. பெரும்பாலான படங்கள் 16க்கும் 18க்கும் இடையே விழும். நடுவர் சொன்ன விளக்கம் மறந்து அந்த எண் மட்டுமே மனத்தில் நிற்கும். முதல் மூன்று இடங்கள், அவற்றோடு பாராட்டுக்குரியவை என்று ஐந்தாறு படங்கள். இவை போதும். முடிவை அறிவிக்கும் முன் பார்வையாளர்களையும் சீட்டில் ஓர் எண் எழுதச் சொல்லுங்கள். நடுவர் தேர்வும் அவர்கள் தேர்வும் வேறுபடும் மாலைகளில்தான் சுவையான பேச்சு எழும்.

அச்சுப் படங்கள்

ஆண்டில் இரண்டு போட்டிகளாவது தாளில் நடக்கட்டும். அச்சுப் படம் என்றால் எனக்குத் தனிப் பிரியம். படத்தைக் கையில் வாங்கி, விளக்கடியில் சாய்த்து, கிட்டப் போய்ப் பார்ப்பவர்கள் திரையில் தவறவிட்டதையெல்லாம் காண்கிறார்கள். செங்குத்துப் படத்துக்கும் இங்கே முழு நியாயம் கிடைக்கிறது.

ஏ4 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் சுமார் 2480 x 3508 பிக்சல் தேவை. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் அதைத் தந்துவிடும். ஏ4 தாளின் விகிதமும் 3:2 படத்தின் விகிதமும் ஒன்றல்ல என்பதால், எங்கே வெட்டுவது என்பதை அச்சிடுபவரிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். படம் இருண்டு அச்சாகிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் காரணம், கணினித் திரையை மிகையான வெளிச்சத்தில் வைத்துத் திருத்துவதுதான். வெளிச்சத்தைக் குறைத்து, திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துங்கள். அனைவருக்கும் அச்சைப் பொருத்தும் மவுண்ட் அட்டை 40 x 50 செ.மீ. என்று ஒரே அளவை வைத்தால், சிறிய அச்சும் பெரிய அச்சும் தாங்கியில் சமமாக நிற்கும்.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு இந்த அட்டைகளே உதவும். ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுங்கள். பரிசு பெற்றவற்றை மட்டும் மாட்டாமல், ஒவ்வோர் உறுப்பினரிடமிருந்தும் அவரே தேர்ந்த ஒரு படத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் படம் என்று முடிவு செய்யத் திணறுகிறவரோடு உட்கார்ந்து, அந்த ஆண்டு அவர் கொடுத்த அனைத்தையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். அதற்காகக் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பே ஒரு கூட்டத்தை ஒதுக்கிவிடுவேன்.