யானைப் புகலிடம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு யானை புதிதல்ல. காட்டில் மரத்தடி இழுத்த யானைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். திருவிழாக்களில் நெற்றிப்பட்டம் கட்டி நின்ற யானைகளின் முன்னால் வாய் பிளந்து நின்றிருக்கிறோம். சிறு வயதில், பயம் தெளிய வேண்டும் என்று, என்னை ஓர் யானையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைந்து வரச் செய்தார்கள். அப்போது என் முகத்துக்கு நேராக இருந்தது அதன் முன்னங்கால். சங்கிலி உரசி உரசி முடியெல்லாம் உதிர்ந்து, வளையல் போட்டது போல ஒரு தழும்பு அந்தக் காலைச் சுற்றி ஓடியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது யானை பார்க்கப் போகும் குடும்பங்களிடம் நான் முதலில் சொல்வது, முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பாருங்கள் என்பதைத்தான்.

நம் மாவட்டத்திலிருந்து பெரும்பாலோர் போவது கோட்டூர் காப்புக்காட்டில் கேரள வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்துக்கு. மார்த்தாண்டத்திலிருந்து பனச்சமூடு, வெள்ளறடை வழியாக நெய்யாறு அணைப் பக்கம் போனால் அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இன்னும் சிலர் முதுமலையின் தெப்பக்காட்டிலோ டாப்சிலிப் அருகிலுள்ள கோழிகமுத்தியிலோ இருக்கும் வனத்துறை யானை முகாம்களுக்குப் போகிறார்கள். வேறு பலர் சுற்றுலா ஊர்களில் சாலையோரப் பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். முதல் தவறு பெரும்பாலும் அந்தத் திருப்பத்திலேயே நடந்துவிடுகிறது.

சரணாலயம் என்ற சொல்லைக் கண்டதும் நம்பிவிடுவதுதான் அந்தத் தவறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயம் என்பது அரசு அறிவிக்கும் ஒரு காட்டுப் பரப்பு. நம் மாவட்டத்தின் மலைக்காடுகள் அப்படி அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் அடங்கும். தனியார் ஒருவர் தம் தோட்டத்தின் வாசலில் அதே சொல்லை எழுதி வைப்பதால் அவருடைய இடம் சரணாலயம் ஆகிவிடாது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு யானை. அதை வணிகமாக விற்கவோ வாங்கவோ கூடாது. வைத்திருப்பவரிடம் உடைமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஆகவே சீட்டு எடுப்பதற்கு முன்பே தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டுவிடலாம்: இங்குள்ள யானைகள் எங்கிருந்து, எப்படி வந்தன? கால்நடை மருத்துவர் எவ்வளவு நாளுக்கு ஒரு முறை வருகிறார்? பார்வையாளர்கள் இல்லாத நேரத்தில் யானைகள் என்ன செய்கின்றன? உண்மையாகவே யானையைக் காப்பவர்கள் மூன்றாவது கேள்விக்கு மகிழ்ச்சியோடு நீண்ட பதில் சொல்வார்கள். சவாரிக் கட்டணத்தையும் குளிப்பாட்டும் கட்டணத்தையும் மட்டுமே ஒப்பிக்கிற இடத்துக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சவாரியைப் பற்றிப் பேசும்போது, பாகன் ஏறுகிறாரே, நாம் ஏறினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பாகன் ஒருவர், அவர் உட்காருவது கழுத்தில். சுற்றுலாச் சவாரியில் முதுகின் நடுவே கனமான இருக்கையை ஏற்றி, வயிற்றைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கி, அதன் மேல் இரண்டு மூன்று பேரை உட்கார வைக்கிறார்கள். யானையின் முதுகெலும்பிலிருந்து நீண்ட எலும்பு முனைகள் மேல்நோக்கி எழுகின்றன. அவற்றின் மேல் தோலும் திசுவும் மட்டுமே இருப்பதால் எடை முழுவதும் அந்த முனைகளின் மேல் இறங்குகிறது. குதிரையின் முதுகைப் போல அது சுமைக்கு வாகானதல்ல. உருவம் பெரியதாக இருப்பதால் எதையும் தாங்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நாள் முழுவதும் சவாரி போன யானையின் இருக்கையைக் கழற்றும்போது உடன் நின்று பார்த்தவர்கள் மறுமுறை ஏற மாட்டார்கள்.

குளிப்பாட்டுவது சவாரியைப் போலக் கொடுமையாகத் தெரிவதில்லை. அதனால்தான் நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட இதில் தவறிவிடுகிறார்கள். யானை குளித்து எழுந்ததும் மண்ணை அள்ளித் தன் மேல் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலையும் பூச்சிக்கடியையும் தடுக்க அது தானே பூசிக்கொள்ளும் காப்பு அந்த மண். காலையில் பாகன் தேங்காய்த் தொண்டால், அதாவது நார்மட்டையால், தேய்த்துக் குளிப்பாட்டுவது யானையின் உடம்பில் புண், வீக்கம், உண்ணி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையும் ஆகும். அதைக் கரையில் நின்று பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. மாறாக, பத்து மணிக்கு ஒரு கூட்டம், பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் என்று வந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கித் தேய்ப்பதற்காக ஒரே யானையைத் திரும்பத் திரும்பப் படுக்க வைக்கும் இடத்தில் குளியல் என்பது வேலையாகிவிடுகிறது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களின் தவறு பெரும்பாலும் அன்பின் வழியாகவே வருகிறது. வெறுங்கையோடு யானையைப் பார்க்கப் போவது நமக்கு மனசுக்கு ஒப்பாது. ஒரு குலை மட்டிப்பழமோ செவ்வாழையோ வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போகிறோம், வழியில் பன்னும் பிஸ்கட்டும் சேர்ந்துவிடுகின்றன. காட்டில் ஓர் யானை ஒரு நாளில் 12 முதல் 18 மணி நேரம் வரை மேய்ந்து, 150 கிலோவுக்குக் குறையாமல் புல்லும் இலையும் மரப்பட்டையும் தின்கிறது. தின்பதில் பாதிகூட அதற்குச் செரிப்பதில்லை. நார் மிகுந்த அந்தத் தீனியைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல நொதிக்கச் செய்துதான் சத்தைப் பிரிக்கின்றன. அப்படி அமைந்த வயிற்றுக்குள் இனிப்பும் மாவும் ஒரே நேரத்தில் கூடை கூடையாக இறங்கினால் நொதித்தல் நிலை தவறி, வாயு சேர்ந்து, வலி கண்டுவிடும். கேரள எல்லைப் பக்கத்துப் பாகன்கள் எரண்டகெட்டு என்று சொல்லும் குடல் அடைப்பு வந்தால் நாள்கணக்கில் லத்தி, அதாவது சாணம், வராது. பட்டினியும் வலியுமாக நின்றே யானை இறந்துபோவதும் உண்டு. வளர்ப்பு யானைகளைப் பெருமளவில் பலிவாங்கும் நோய்களில் அதுவும் ஒன்று. காலையில் நல்ல பாகன் முதலில் பார்ப்பது லத்தியைத்தான்: உருண்டையாக இருக்கிறதா, நார் சரியாக அறுபட்டிருக்கிறதா, வழக்கமான அளவு விழுந்திருக்கிறதா என்று கையால் உடைத்தே பார்ப்பார். முகாம்களிலும் வெல்லம் கொடுக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அங்கே கேழ்வரகு, கொள்ளு, உப்பு, வெல்லம் எல்லாம் யானையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் சொன்ன அளவில் உருட்டப்படுகின்றன. நாம் கொண்டுபோன குலையை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் மைய ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட வேண்டும்; அவர் வேண்டாம் என்றால் கோபப்படக் கூடாது.

யானையின் உடல்மொழியைத் தவறாகப் படிப்பது இன்னொன்று. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி மாற்றி அசையும் யானையைக் காட்டி, "பாட்டுக்கு ஆடுகிறது பார்" என்று குழந்தைக்குச் சொல்கிறோம். காட்டில் திரியும் யானை அப்படி ஆடுவதில்லை. நடக்க வேண்டிய உடம்பு, கட்டுத்தறியில் நெடுங்காலம் நின்றதால் பழகிக்கொண்ட அசைவு அது. இதிலும் அவசரத் தீர்ப்பு கூடாது. மோசமான இடத்திலிருந்து மீட்டு வந்த யானை நல்ல இடத்தில் சேர்ந்த பிறகும் பல ஆண்டுகள் ஆடிக்கொண்டே இருக்கலாம். அது எப்போது வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோலக் கன்னத்தில் ஈரக்கோடு தெரிந்தால் யானை அழுகிறது என்று பொருளில்லை; நமக்கு இருப்பது போல மூக்குக்குள் கண்ணீரை வடிக்கும் குழாய் அதற்கு இல்லாததால் கண்ணின் ஈரம் வெளியே வழிகிறது. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, கன்னப்பொறியிலிருந்து எண்ணெய் போலக் கசிந்து கருத்திருந்தால், அந்த ஆண் யானை மதத்தில் இருக்கலாம். அதன் பக்கமே போகக் கூடாது.

சங்கிலியைக் கண்டதும் அந்த மையத்தையே பழிப்பதும் ஒரு தவறுதான். மதத்தில் இருக்கும் யானையைக் கட்டாமல் விட்டால் பாகனுக்கும் மற்ற யானைகளுக்கும் ஆபத்து. சிகிச்சையின்போதும் கட்ட வேண்டியிருக்கும். நாம் பார்க்க வேண்டியது சங்கிலியின் நீளத்தையும், அது கிடக்கும் தரையையும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பூட்டப்பட்டிருக்கிறது என்பதையும். சிமெண்ட் தரையில், தன் மூத்திரத்திலேயே நின்று நின்று நகத்தடியில் சீழ் பிடித்த கால்கள் எதையும் மறைக்காமல் சொல்லிவிடும். நகங்களுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா, கணுக்காலில் புதுப் புண் இருக்கிறதா, காதுக்குப் பின்னால் அங்குசம் குத்திய வடு இருக்கிறதா என்று பார்க்கலாம். தும்பிக்கையிலும் காதிலும் காணப்படும் இளஞ்சிவப்புத் திட்டுகள் புண்ணல்ல. ஆசிய யானைகளுக்கு வயதாக ஆக இயல்பாக வருபவை.

குட்டிகள் எப்போதும் தீராமல் இருக்கும் தனியார் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். தாயைப் பிரிந்து வனத்துறையிடம் வந்து சேர்ந்த குட்டிகளை வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கோட்டூரே சாட்சி. 2021-ஆம் ஆண்டில் ஹெர்பிஸ் வைரஸ் தாக்கி அங்கே குட்டிகள் அடுத்தடுத்து இறந்தன. முன்தினம் ஓடித் திரிந்த குட்டியையும் ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும் நோய் அது. வழக்கத்தைவிடப் பால் சற்றுக் குறைவாகக் குடிப்பது, நாக்கு நிறம் மாறுவது போன்றவைதான் அறிகுறிகள். பார்த்துக்கொள்பவரின் கவனம் அந்தக் குட்டியின் மேலேயே இருக்க வேண்டிய இடத்தில், அதைக் கொஞ்சவும் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கவும் நூறு பேர் முண்டியடித்தால் எந்த அறிகுறி யார் கண்ணில் படும்?

தும்பிக்கையால் ஆசி வாங்குவதைப் பற்றி எழுதினால் சிலர் மனம் வருந்தக்கூடும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். காசு வாங்கித் தலையில் தட்டுவது யானைக்குப் பயிற்றுவித்த வேலை. மனிதருக்கு வரும் காசநோய்க் கிருமியே யானைக்கும் தொற்றுகிறது. நம்மிடமிருந்து அதற்கும் அதனிடமிருந்து நமக்கும் போகும். இருமல் சளியோடு இருப்பவர்கள் பயணத்தையே தள்ளி வைப்பது நல்லது. யானைமுடி மோதிரத்துக்காகப் பாகனிடம் ரகசியமாகக் காசு கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். அந்த முடி, ஈயும் கொசுவும் மொய்க்கும்போது விரட்டுவதற்காக அதன் வால்நுனியில் வளர்ந்தது, அதை விற்பதும் சட்டப்படி குற்றம். பாகனிடம் பணத்தை நீட்டி யானையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்வதும் இதே வகைதான். குறைந்த சம்பளத்தில், உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலை அவருடையது. "அண்ணே, இதுக்கு எத்தனை வயசு? உங்ககிட்ட வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் காட்டும் தூரத்தில் நின்றால், அரை மணி நேரத்தில் அவர் சொல்வது எந்தத் தகவல் பலகையிலும் இருக்காது.

கடைசித் தவறு திரும்பி வரும் வழியில் நடக்கிறது. மையத்தில் பார்த்தது போதாமல், காட்டு யானையையும் பார்த்துவிடலாம் என்று சிலர் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் அந்தி நேரத்தில் வண்டியை விடுகிறார்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகம் நம் மாவட்டத்துக் காடுகளையும் சேர்த்ததுதான்; ரப்பர் தோட்டங்களை ஒட்டியே யானைகள் நடமாடுகின்றன. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு மேல் கோதையாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பனின் பெயரே ஒரு பாடம்: அரி என்றால் மலையாளத்தில் அரிசி. வீடுகளிலும் ரேஷன் கடையிலும் அரிசியின் சுவை கண்ட அந்த யானையை ஒரே ஆண்டில் இரண்டு முறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பிறந்த காட்டைவிட்டு வெகுதூரம் கொண்டுவந்து விட்டார்கள். வண்டியிலிருந்து வீசும் ஒரு சீப்புப் பழமும், புதரில் எறியும் மிச்சச் சோற்றுப் பொட்டலமும் இன்னொரு யானையை அதே வழியில் பழக்கும். வழியில் யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்காமல், பின்னால் போக இடமிருந்தால் மெல்லப் பின்வாங்கி, அது கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நாம் ஊர் திரும்பிவிடுவோம். மறுநாள் விடியும் முன் அதே சாலையோரத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுவதற்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் தனியாக இறங்குவார். அந்த விளக்கின் வெளிச்சம் எதிரே நிற்கும் மரத்தின் பட்டைக்கு அப்பால் அதிகம் எட்டாது.