ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மவுண்ட் சரியாக உட்காரவில்லையா?

தனியாக வாங்கிய மவுண்ட் (ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் பாகம்) ஆடினால் பலரும் உடனே அலன் கீயை எடுத்து இன்னும் இறுக்குவார்கள். ஸ்க்ரூவின் மரை போகும், ஆட்டம் போகாது. அளவு பார்ப்பதுதான் முதல் வேலை.

தொடங்கும் முன் ரைஃபிளின் குழலைப் பாதி மட்டும் மடக்கி, உள்ளே பெல்லட் (குண்டு) இல்லை என்று பாருங்கள். ஸ்பிரிங் ஏறியிருக்கக் கூடாது.

அளவு

பெட்டியில் '11 மி.மீ.' என்று இருக்கும். ஆனால் மவுண்ட் பிடிக்கும் ரயிலின் (ரைஃபிளின் மேல் இரு பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மேட்டின்) அகலம் தயாரிப்பைப் பொறுத்து 9.5 முதல் 13 மி.மீ. வரை போகும்; பக்கச் சரிவும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. வெர்னியர் காலிப்பரில் அளந்துவிடுங்கள். 21 மி.மீ. அகலமுள்ள ரயிலுக்கான வீவர் வகை மவுண்ட் வந்திருந்தால் பேக்கிங் (இடைத்தகடு) வைத்து ஒப்பேற்ற வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்.

அளவு சரி, ஆனாலும் ஆடுகிறதா? மவுண்டின் பிடிக்கும் முகத்தில் மார்க்கரால் கறுப்படித்து, மாட்டி லேசாக இறுக்கி, அரை அங்குலம் முன்பின் நகர்த்திக் கழற்றுங்கள். மை அழிந்த இடம்தான் உண்மையில் பிடிக்கும் இடம். ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் அங்கே பிசிறு இருக்கிறது. 600 நம்பர் எமரி பேப்பரைக் கண்ணாடி மேல் வைத்து மவுண்டைத் தேய்த்து, மறுபடி மை பூசிப் பாருங்கள். தேய்ப்பது மவுண்டை மட்டும். ரைஃபிளில் அரம் படவே கூடாது.

ஸ்டாப் பின்

ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னால் இழுக்கும். அந்த இரண்டாவது அதிர்வில்தான் ஸ்கோப் மெல்லப் பின்னால் நகர்கிறது. மவுண்டின் அடியிலுள்ள ஸ்டாப் பின் என்ற சிறு முளை, ரைஃபிளின் துளைக்குள் இறங்கினால் இது நிற்கும். பின் நீளமாக இருந்து துளையின் அடியில் முட்டினால் மவுண்டையே தூக்கிவிடும். 'ஃபிட் இல்லை' என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு. பின்னைக் கழற்றிவிட்டு மவுண்டை மாட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பின்னை அரை மி.மீ. தேய்த்தால் போதும். நாகர்கோவிலில் எந்த லேத் பட்டறையிலும் சில நிமிட வேலை.

ரிங்

ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்தான் ரிங். ஸ்கோப் குழாயின் விட்டம் பெரும்பாலும் 25.4 அல்லது 30 மி.மீ. 30 ரிங்கில் 25.4 குழாயை டேப் சுற்றி வைப்பது வீண். மேல்மூடியை மாட்டும்போது இருபக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கட்டும். குறுக்காக மாற்றி மாற்றி, சுமார் 2 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். அதைத் தாண்டினால் குழாய் நசுங்கும்.

எலிவேஷனை (குண்டு படும் உயரத்தை மாற்றும் ஸ்கோப் திருகை) முழுக்கத் திருப்பியும் குண்டு கீழேயே போனால், பின்பக்க ரிங்கின் அடிப்பாதியில் பேக்கிங் வையுங்கள். ரிங்குகளின் இடைவெளி 100 மி.மீ. என்றால், 0.1 மி.மீ. தகடு 10 மீட்டரில் குண்டை 10 மி.மீ. மேலே கொண்டுவரும். இரண்டு மூன்று தகடுக்கு மேல் குழாய் வளையும். அப்போது உயரம் மாற்றக்கூடிய மவுண்ட்தான் வழி.

கடைசியில்

பிடிக்கும் முகங்களில் எண்ணெய்ப்பசை இருக்கக் கூடாது, துடைத்துவிட்டு இறுக்குங்கள். மவுண்டின் முன்விளிம்பை ஒட்டி ரயிலில் பென்சில் கோடு போட்டு 50 பெல்லட் சுடுங்கள். கோட்டுக்கும் மவுண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாவிட்டால் ஸ்க்ரூவில் ஒரு சொட்டு நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) விடலாம்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் அலுமினிய மவுண்டில் இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருவேறி இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவாக மாற்றுங்கள். மழைக்காலத்தில் ரைஃபிளை உறைக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள், உறையில் ஈரம் தங்கும்.